நெல் வயலில் களை எடுக்கும் ரோபோ: இன்று எந்த அளவுக்குச் சாத்தியம்?

கேள்வி: வெண்ணாற்றுக்கரை

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வேலி (ஆறரை ஏக்கருக்குச் சற்று அதிகம்) நிலம் இருக்கிறது. உழவுக்கு டிராக்டர் வந்து நெடுங்காலம் ஆகிறது. நடவுக்கு இயந்திரம் கிடைக்கிறது. அறுவடைக்குப் பெல்ட் வண்டி வராத ஊரை இன்று டெல்டாவில் பார்ப்பது அரிது. கைவேலையாகவே எஞ்சி நிற்பது களையெடுப்பு ஒன்றுதான். எங்கள் ஊரில் களைக்கு வருகிற பெண்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களுடைய மகள்கள் இந்த வேலைக்கு வருவதில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

களைக்கொல்லி தெளித்தால் முடிந்துவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். நிலத்தில் பாதிக்கு மேல் மாப்பிள்ளைச் சம்பாவும் சீரகச் சம்பாவும் இரசாயனம் இல்லாமல் பயிரிட்டு, அந்த உறுதியின் பேரில்தான் அரிசியை விற்கிறோம் என்பதால், அந்த வழி எங்களுக்கு இல்லை.

லேசர் ஒளியால் களையைப் பொசுக்கும் இயந்திரங்கள், ஓட்டுநர் இல்லாமல் உழும் டிராக்டர்கள் ஆகியவற்றின் காணொளிகளை என் மகன் அடிக்கடி காட்டுகிறான். இவை உண்மையான பண்ணைகளில் வேலை செய்கின்றனவா, அல்லது கண்காட்சிக்கு மட்டுமா? தண்ணீர் நிற்கும் சேற்று வயலுக்கென்று ஏதாவது இருக்கிறதா? அப்படி ஒன்று வருமானால், அதற்காக நான் என் வயலில் எதையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும்? விற்பனைப் பேச்சைத் தவிர்த்து, விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பட்டறை

ஐயா, வேளாண் பொறியியல் துறையில் பணிபுரிகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இந்த இயந்திரங்கள் பண்ணைகளில் உண்மையாகவே ஓடுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கேற்றபடி ஒழுங்குபடுத்தப்பட்ட நிலத்தில்தான் ஓடுகிறது.

ஓட்டுநர் இல்லாத டிராக்டரை எடுத்துக்கொள்வோம். ஜான் டியர் நிறுவனம் 2022 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் தன் 8ஆர் வகை டிராக்டரை அப்படி அறிமுகப்படுத்தியது. ஆறு இணை கேமராக்கள் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்க, விவசாயி கைப்பேசியில் கண்காணிக்கிறார். அதற்கு முதலில் கொடுக்கப்பட்ட வேலை உழவு என்பதைக் கவனியுங்கள். அறுவடை முடிந்த வெற்று நிலத்தில் வண்டி ஒரு சாண் விலகினாலும் கெடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. பயிர் நிற்கும் வயலில் அதே ஒரு சாண் விலகினால் ஒரு வரிசை முழுவதும் போய்விடும். எனவே உழவுக் காணொளியை வைத்துக்கொண்டு களையெடுப்பும் நாளை வந்துவிடும் என்று முடிவு கட்டுவது சரியாகாது.

லேசர் இயந்திரத்தின் கதை இன்னும் சுவையானது. சியாட்டிலைச் சேர்ந்த கார்பன் ரோபாட்டிக்ஸ் நிறுவனம் 2021இல் வெளியிட்டது தானே ஓடும் வண்டியாக இருந்தது. கேமரா களையை அடையாளம் கண்டதும், அதன் வளரும் குருத்தின் மீது லேசர் பாய்ந்து அதைச் சுட்டுவிடும். மறுஆண்டே அந்நிறுவனம் முப்பது லேசர்கள் கொண்ட, டிராக்டர் இழுத்துச் செல்லும் கருவியைக் கொண்டுவந்தது. அதாவது, களையைக் கண்டு சுடும் அறிவு கருவியிடம் தங்கிவிட்டது. வண்டியை ஓட்டும் பொறுப்பு மறுபடியும் மனிதனிடம் வந்துவிட்டது. இதைப் பின்னடைவாக நான் கருதவில்லை. வெங்காயம், கேரட், கீரை வகைகளைப் பெரும்பரப்பில் பயிரிடுகிறவருக்கு வலிப்பது குனிந்து களை பறிக்க ஆள் கிடைக்காததே தவிர, டிராக்டர் ஓட்ட ஆள் கிடைக்காதது அன்று. மேலும், கலிபோர்னியாவில் தானே நகரும் பண்ணை வண்டிகளின் கட்டுப்பாட்டில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும் என்று 1970களிலிருந்து ஒரு தொழிலாளர் பாதுகாப்பு விதி இருக்கிறது. அதைத் தளர்த்தக் கோரிய விண்ணப்பத்தை அங்குள்ள வாரியம் 2022இல் ஏற்கவில்லை.

என் மதிப்பீட்டில் உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கக்கூடியது டென்மார்க்கின் ஃபார்ம்டிராய்ட். அது களையை அடையாளம் காண்பதற்குக் கேமராவை நம்பியிருப்பதில்லை. விதைப்பதும் களையெடுப்பதும் அதே இயந்திரம்தான்: விதைக்கும்போது ஒவ்வொரு விதையும் விழுந்த இடத்தை மிகத் துல்லியமாகப் பதிவு செய்துகொள்கிறது, பிறகு அந்த இடங்களைத் தவிர்த்து மற்ற மண்ணையெல்லாம் கொத்துகிறது. இதனால் பயிர் முளைத்து வெளியே தெரிவதற்கு முன்பே களையெடுப்பைத் தொடங்கிவிட முடிகிறது. சூரிய மின்சக்தியில் ஓடும் இந்த வண்டி மணிக்கு ஒரு கிலோமீட்டரைக்கூட எட்டாத வேகத்தில் நகர்ந்தாலும், ஒரு பருவத்தில் 20 ஹெக்டேர் வரை பார்த்துக்கொள்ளும் என்று நிறுவனம் கூறுகிறது. இரசாயனமின்றிச் சர்க்கரைக் கிழங்கு (சுகர் பீட்) பயிரிடும் ஐரோப்பிய விவசாயிகள் இதை விரும்புவதற்குக் காரணம், அந்தப் பயிருக்கு அங்கே கைக்களைச் செலவு மிக அதிகம்.

இனி நெல்லுக்கு வருவோம். லேசர் உங்களுக்கு உதவாது. அந்த இயந்திரங்களில் உள்ள கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளியைத் தண்ணீர் மிக வேகமாக உறிஞ்சிவிடும். நீருக்கு அடியில் முளைக்கும் களையை அது தொடவே முடியாது. கேமராவுக்கும் இங்கே சோதனை உண்டு. இளம்பருவத்தில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிய சவ்வு ஒன்று உண்டு, புல்லுக்கு அது இல்லை; உங்கள் ஊர்ப் பெண்கள் விரலால் விலக்கிப் பார்த்து ஒரு நொடியில் பிரித்துவிடுவார்கள். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அந்தச் சவ்வு தெரிவதில்லை. வரிசை நடவு மட்டுமே இதற்கு எளிய தீர்வு: வரிசைக்கு வெளியே நிற்பது எதுவானாலும் களை என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளலாம். சேற்றில் சக்கரம் புதைவது தனிப் பிரச்சினை. அதைப் பற்றி ஜப்பானில் இருப்பவர்கள் யாராவது எழுதினால் நல்லது.

பதில் 2: கொங்குப் பண்ணை

களையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுப் பண்ணை வைத்திருப்பவன் என்பதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். விவசாயத்தில் மிக நீண்ட காலமாக நிலைத்து நிற்கும் ரோபோ பால் கறக்கும் ரோபோதான். நெதர்லாந்தின் லேலி நிறுவனம் 1992இலேயே முதல் இயந்திரத்தை ஒரு பண்ணையில் நிறுவிவிட்டது. மாடு தீவனத்துக்காகத் தானாகவே பெட்டிக்குள் வருகிறது. கழுத்துப் பட்டையைக் கொண்டு இன்ன மாடு என்று இயந்திரம் அறிகிறது. காம்புகளைத் தேடிக் கண்டு குவளைகளைப் பொருத்துகிறது. நான்கு மடிக் காம்புகளின் பாலையும் தனித்தனியே அளந்து, மடிவீக்க நோயின் அறிகுறி தெரிந்தால் சொல்கிறது. ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ 60 மாடுகள் என்பது கணக்கு. மேலே பட்டறை சொன்னது இதற்கும் பொருந்தும்: மடியின் அமைப்பும் காம்புகளின் இடைவெளியும் இயந்திரத்துக்கு ஒத்துவராத மாடுகளை அந்தப் பண்ணைகளில் கழித்துவிடுவார்கள். இரண்டு மூன்று மாடுகளை வைத்துப் பால் ஊற்றும் நம் வீடுகளுக்கு இந்தக் கணக்கு இப்போதைக்கு ஒத்துவராது.

பதில் 3: கடல் கடந்த மருதம்

நான் ஜப்பானில் நெல் விளையும் பகுதி ஒன்றில் வசிக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது, நிபந்தனைகளுடன்.

இதன் வேர் வாத்தில் இருக்கிறது. ஃபுகுவோகா மாகாணத்து விவசாயி தகாவோ ஃபுருனோ 1988 முதல் நெல் வயலில் ஐகாமோ என்னும் வாத்தினத்தை விட்டு வளர்க்கும் முறையைக் கையாண்டு பரப்பினார். நம் டெல்டாவில் வாத்துக் கூட்டங்கள் அறுவடைக்குப் பின் சிந்திய நெல்லைப் பொறுக்க வருகின்றன. அங்கே நடவு முடிந்த சில நாட்களிலேயே குஞ்சுகளை இறக்குகிறார்கள். அவை களையையும் பூச்சியையும் தின்பதோடு, காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் தண்ணீர் எப்போதும் கலங்கியே இருக்கிறது. கலங்கிய நீரில் வெயில் மண்ணை எட்டாது. களை விதை முளைத்தாலும் வளர முடியாது.

அந்தக் கலக்கும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு உருவாக்கப்பட்டதுதான் ஐகாமோ ரோபோ. இசெகி நிறுவனம் 2023 முதல் இதை விற்பனை செய்கிறது. சூரியத் தகடுகளைத் தலையில் சுமந்த ஒரு மிதவை, செயற்கைக்கோள் வழிகாட்டலில் வயல் முழுவதும் தானாகவே சுற்றி வருகிறது. இது மிதப்பதால் சக்கரம் புதையும் தொல்லை அடியோடு இல்லை. கலங்கிய மண் மறுபடி படியும்போது மெல்லிய படலமாகக் களை விதைகளின் மேல் மூடுவது இன்னொரு நன்மை. நடவு முடிந்து முதல் சில வாரங்கள் இதை ஓடவிட்டுவிட்டு, பயிர் தழைத்து நிழல் கட்டியதும் எடுத்துவிடுகிறார்கள்.

இனி நிபந்தனைகள். வயல் நன்றாக மட்டமாக இருக்க வேண்டும். மேடான இடத்தில் தண்ணீர் வற்றினால் மிதவை தட்டி நிற்கும். களையும் சரியாக அந்த மேட்டில்தான் கிளம்பும். ஓரளவு ஆழமான நீரை இடைவிடாமல் நிறுத்தி வைக்க வேண்டும். நாற்று அந்த ஆழத்தில் மூழ்காத உயரமும் வலுவும் பெற்றிருக்க வேண்டும் என்பதால் இளநாற்று நடவுக்கு இது ஏற்றதன்று. நான் பார்த்தவரையில் இதை வாங்குகிறவர்கள் இரசாயனமில்லாத அரிசியைக் கூடுதல் விலைக்கு விற்பவர்கள்; மற்றவர்களுக்குக் களைக்கொல்லியே மலிவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே இயந்திரங்கள் வேகமாகப் பரவுவதற்குக் காரணம் ஆர்வத்தைக் காட்டிலும் முதுமைதான். 2020 கணக்கெடுப்பின்படி இந்நாட்டின் முழுநேர விவசாயிகளின் சராசரி வயது 67ஐக் கடந்துவிட்டது. ஆளில்லாமல் வானிலிருந்து நெல்லுக்கு மருந்து தெளிப்பதும் இங்கே புதிதில்லை. யமஹா நிறுவனம் 1987இலேயே அதற்கென்று ஆளில்லா ஹெலிகாப்டரைத் தயாரித்தது. இப்போது அந்த இடத்தை டிரோன்கள் பிடித்துவருகின்றன.

வெண்ணாற்றுக்கரை:

இருவரும் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. மிதவை முறை எனக்குப் பிடித்திருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா நாற்று உயரமானது; நாங்கள் நாள் கூடிய நாற்றையே நடுகிறோம் என்பதால் ஆழமான தண்ணீரை அது தாங்கும். ஆனால் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறந்தாலும் திறக்காவிட்டாலும், எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது. நடவு முடிந்த முதல் மாதம் முழுவதும் வயலில் நீர் வற்றாமல் வைத்திருப்பது போர்வெல் இருப்பவர்களுக்கு மட்டுமே முடியும். வேளாண் துறையினரோ காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டச் சொல்கிறார்கள். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று மோதுகின்றன அல்லவா? கோரை அதிகம் உள்ள வயலில் இந்த முறை எடுபடுமா என்பதும் என் ஐயம்.

பதில் 4: தென்னந்தோப்பு

இங்கே எல்லோரும் தரையில் ஓடும் ரோபோவையே பேசுகிறீர்கள். தமிழ்நாட்டு வயலுக்கு ஏற்கெனவே வந்துவிட்ட தானியங்கி ஒன்று உண்டென்றால் அது டிரோன். நான் வாடகைக்கு டிரோன் தெளிப்பு செய்கிறேன். வயலின் எல்லையைக் குறித்துக் கொடுத்துவிட்டால் பாதையை அதுவே வகுத்துக்கொண்டு பறக்கிறது. விதிப்படி உரிமம் பெற்ற விமானி அருகில் நிற்க வேண்டும் என்றாலும், பெரும்பாலான நேரம் அவர் கைகளுக்கு வேலை இருப்பதில்லை. பத்து லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய ஓர் ஏக்கரை முடித்துவிடலாம். கைத்தெளிப்பானில் அதே பரப்புக்கு 150 முதல் 200 லிட்டர் தண்ணீர் சுமக்க வேண்டும். மருந்து தெளிப்பவரின் உடம்பில் படுவதும் குறைகிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 80 விழுக்காடு வரை, அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியத்தில், 15,000 டிரோன்கள் வழங்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது.

நீங்கள் இரசாயனம் பயன்படுத்துவதில்லை என்றாலும் பஞ்சகவ்யம், மீன் அமிலம் ஆகியவற்றைத் தெளிக்கலாம். ஆனால் துணியில் பல முறை வடிகட்டித் தர வேண்டும். வடிகட்டாமல் கொடுத்தால் தெளிப்பு முனை அடைத்துக்கொண்டு பாதி வயலில் வண்டி வெறுமனே பறக்கும். காற்று வீசும் நேரத்தில் பக்கத்து வயலின் களைக்கொல்லி உங்கள் வயலில் வந்து படியக்கூடும் என்பதால், சுற்றியுள்ள விவசாயிகளிடம் முன்கூட்டியே பேசிவைப்பதும் அவசியம். விதையைக்கூட டிரோனிலேயே தூவிவிடலாம் என்பதையும் யோசியுங்கள். நடவுக் கூலியே மிஞ்சும்.

பட்டறை:

கடைசி யோசனையோடு எனக்கு உடன்பாடில்லை. டிரோனில் தூவினால் வரிசை போய்விடும். வரிசை போனால் வரிசைகளுக்கு நடுவே தள்ளி ஓட்டும் களைக்கருவியான கோனோவீடரும் ஓடாது, நாளை வரப்போகும் எந்த ரோபோவும் ஓடாது, களையை மனிதக் கண்ணும் கையும் மட்டுமே பிரிக்க முடியும். களைக்கொல்லி அடிப்பவருக்குத் தூவல் சரி. கேள்வி கேட்டவருக்கு அது நடவுச் செலவை மிச்சப்படுத்தி, அதைவிடப் பெரிய செலவைக் களைக்குக் கொண்டுவரும்.

கோரை பற்றிய ஐயம் நியாயமானது. கலங்கல் முறை விதையிலிருந்து முளைக்கும் களைகளை வலுவிழக்கச் செய்வது. கோரையின் சில இனங்கள் கிழங்கிலிருந்து கிளம்புகின்றன; உள்ளே உணவுச் சேமிப்பு இருக்கும்வரை அவை இருட்டைப் பொறுத்துக்கொண்டு மேலே வந்துவிடும். கோடை உழவில் கிழங்கை மேலே கொண்டுவந்து வெயிலில் காயவிடுவதற்கு மாற்றாக எந்த மிதவையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். காய்ச்சலும் பாய்ச்சலும் மோதுவதும் உண்மைதான். பயிர் வேர் பிடித்துத் தழைக்கும் முதல் சில வாரங்களுக்கு நீரை நிறுத்தி, அதன் பிறகு காயவிட்டுப் பாய்ச்சுவது ஓர் இடைவழி. முறைப் பாசனத்தில் அதுவும் உங்கள் கையில் இல்லை என்பதால், போர்வெல் எட்டும் வயல்களில் மட்டும் முயலலாம்.

பதில் 5: அல்லி

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் இயந்திர வாடகைப் பிரிவைக் கவனிக்கிறேன். இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர். ஜப்பானிலிருந்தோ டென்மார்க்கிலிருந்தோ வரும் எந்த இயந்திரத்தையும் இந்த அளவு நிலம் உள்ள ஒருவர் தனியாக வாங்கிக் கட்டுப்படியாக்க முடியாது. பெல்ட் அறுவடை வண்டியை டெல்டா விவசாயிகளில் எத்தனை பேர் சொந்தமாக வைத்திருக்கிறார்கள்? மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு வந்ததால்தான் அது ஊர் ஊராகப் பரவியது. களை ரோபோவும் அந்த வழியில் வந்தால்தான் நிற்கும். ஆனால் அறுவடை வண்டி ஒரு வயலில் சில மணி நேரம்தான் நிற்கும். மிதவையோ வாரக்கணக்கில் ஒரே வயலில் கிடக்க வேண்டும். அந்தப் பகுதியில் எல்லோரும் ஒரே வாரத்தில் நடுகிறபோது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது தேவைப்படும். ஒரு மிதவையைப் பத்துப் பேர் சுற்றிலும் பகிர்ந்துகொள்வது இயலாத காரியம். எங்கள் நிறுவனக் கூட்டத்தில் இதைப் பேசும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் கணக்கு தட்டி நிற்கிறது.

மற்றது களைக்கு வரும் பெண்களைப் பற்றியது. வயது கடந்தவர்கள், அவர்கள் மகள்கள் வரமாட்டார்கள் என்பதெல்லாம் சரி. ஆனாலும் இன்றைக்கு அந்த ஐம்பது வயதுப் பெண்ணுக்கு, அரசின் ஊரக வேலைத் திட்டத்தை விட்டால், களைக்கூலிதான் கையில் புழங்கும் காசு. நடவு இயந்திரம் வந்தபோது நடவுக் கூலி போனது; அதற்கு ஈடாக யாரும் எதையும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. டிரோன் திட்டம் மகளிர் குழுக்களின் பெயரில் வருகிறது என்பது நல்ல தொடக்கம்தான். எனினும் விமானிப் பயிற்சிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கப்படுவதால், வயலில் குனிந்து களை பறித்த அதே பெண் அதில் நுழைய முடிவதில்லை; படித்த இன்னொரு பெண் நுழைகிறார். இதை வைத்து இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாடகை நிலையத்தில் வண்டியைக் கழுவிப் பராமரிப்பது, நாற்றங்கால் தட்டு தயாரிப்பது போன்ற வேலைகளுக்கு எங்கள் நிறுவனத்தில் முதலில் அவர்களையே அழைக்கிறோம். அது எல்லோருக்கும் போதுமானதாக இல்லை.

வெண்ணாற்றுக்கரை:

அம்மா, நீங்கள் சொன்ன இரண்டாவது செய்தியை நானும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்குத் தீர்வு எட்டவில்லை. பட்டறை நண்பரிடம் இறுதியாக ஒன்று கேட்கிறேன். இந்த ஆண்டு சம்பாவில் நான் செய்யக்கூடியது என்ன? ரோபோ வரும்வரை காத்திருக்க முடியாது.

பட்டறை:

காத்திருக்க வேண்டியதில்லை ஐயா. போர்வெல் எட்டும் வயல்களை முதலில் லேசர் கருவி (களையைச் சுடுவது அன்று; மேடு பள்ளத்தை அளந்து சமப்படுத்துவது) கொண்டு மட்டப்படுத்துங்கள். கோடையில் வாடகைக்குக் கிடைக்கும், உழவன் செயலியிலும் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள். மட்டமான வயலில் தண்ணீர் சீராக நிற்பதாலேயே களையில் கணிசமான பகுதி குறையும். அடுத்து, நடவு இயந்திரத்தின் 30 சென்டிமீட்டர் வரிசையை வளைவில்லாமல் போடச் சொல்லி, அதற்கேற்ற பவர் வீடரை (இயந்திரக் களைக்கருவி) இரண்டு முறை ஓட்டுங்கள். வரிசைக்கு நடுவில் உள்ளதை அது எடுத்துவிடும். செடிக்கும் செடிக்கும் இடையில் நிற்பதற்கு மட்டும் கைக்களை போதும். மாப்பிள்ளைச் சம்பாவின் நாள் கூடிய நாற்று இயந்திரத் தட்டில் சரிப்படாது என்பதால், அந்த வயல்களில் கயிறு பிடித்துச் சதுர நடவு செய்து, இரு பக்கமும் கோனோவீடர் ஓட்டுவதே வழி.

ரோபோவுக்குச் சென்டிமீட்டர் துல்லியத்தில் வழிகாட்ட, செயற்கைக்கோள் காட்டும் இடத்தின் பிழையைத் திருத்தித் தரும் சொந்த நிலையத்தை ஒவ்வொரு விவசாயியும் அமைக்க வேண்டுமா என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். ஜப்பானில் மிச்சிபிகி செயற்கைக்கோள்கள் அந்தத் திருத்தத்தை இலவசமாகவே அனுப்புகின்றன. இந்தியாவில் நில அளவைக்காக இந்திய சர்வே துறை அமைத்துள்ள நிலையான நிலையங்களின் வலையமைப்பு அதே வகைத் திருத்தத்தை இணைய வழியில் தருகிறது. வயலில் கைப்பேசி அலைவரிசை தடையின்றிக் கிடைக்கிறதா என்பதை அவன் இப்போதே சோதித்து வைக்கலாம்.